சுவரைத் தின்ற ஆமை

நம் வயசுக்காரர்களில் வீட்டில் ஆமை வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கிளி, முயல், புறா எல்லாம் கணக்கில் சேராது. நாயைப் பற்றிப் பேசவே வேண்டாம், தெருவில் போட்டாலும் வளர்ந்துவிடும். ஆமை. அதுவும் குட்டி ஆமை. நான் வளர்த்திருக்கிறேன். வளர்த்தேன் என்பது பெரிய வார்த்தை. வீட்டில் இருந்த ஐந்து பேரும் ஆளுக்கொரு விதமாகப் பிரியம் வைத்து, நாலு மாசத்தில் அதைச் சாகிற நிலைமைக்குக் கொண்டுவந்தோம் என்றால் சரியாக இருக்கும்.

போன வாரம் காய்கறிக் கடையில் ஒரு கட்டு சாரணைக்கீரையைப் பார்த்தேன். விற்கிறார்கள்! நாமெல்லாம் செருப்பில்லாத காலால் மிதித்துக்கொண்டு நடந்த கீரை. அதைக் கையில் எடுத்ததும் அந்த ஈரச் செம்மண் வாசனை வந்துவிட்டது. கடைக்காரர் இரண்டு தடவை விலை சொன்ன பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். எனக்குப் பதினொரு வயது. தூத்துக்குடியில் கடற்கரைக்கு நாலு தெரு தள்ளி எங்கள் வீடு. கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளக்கல்லை அடுக்கி, சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பைப் பூசிய சுவர். அந்தச் சுவர்களுக்கு ஒரு குணம் உண்டு, ஞாபகம் இருக்கிறதா? சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் முதுகெல்லாம் வெள்ளை. மத்தியானம் மூன்று மணிக்குப் பின்கட்டு முற்றத்தில் வெயில் விழும்போது சுவர் பால் மாதிரி ஒளிரும். உப்பளத்துப் பக்கமிருந்து வரும் காற்று நாக்கில் கரிக்கும். துறைமுகத்தில் எங்கோ கிரேன் முனகும். எல்லோரும் அரைத் தூக்கத்தில் இருப்போம். எனக்கு மட்டும் தூக்கம் வராது. எனக்கு எப்போதுமே எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும். ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனை பல்லி, எந்தப் பல்லிக்கு வால் இல்லை என்று எழுதிக்கொண்டிருப்பேன்.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, எங்களோடுதான் இருந்தார். சங்கு குளிக்கிறவர். கடைசியாக நடந்த முத்துக்குளிப்பிலும் மூழ்கியவர். அதன் பிறகு முத்து எடுப்பதே நின்றுபோயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் "அடுத்த வருசம் உண்டு பாரேன்" என்பார். வருஷக்கணக்காக ஆழத்தில் மூழ்கியதில் காது மந்தமாகியிருந்தது. அதனால் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. எதிர்த்துப் பேசினால் அவருக்குக் கேட்காது.

அம்மா இந்தக் கரைக்காரி இல்லை. சாத்தான்குளத்துக்கும் தள்ளி, செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு ஊர். நாசரேத்தில் தங்கிப் படித்து டீச்சர் ஆனவள். நாங்கள் குசினி என்றால் அவள் அடுக்களை என்பாள். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஆகியும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. மற்றதெல்லாம் மாறிவிட்டது. மூன்று வேளையும் மீன். சாளை, சீலா, நெத்திலி, இல்லாத நாளில் கருவாடு. நன்றாகத்தான் சமைப்பாள். பெரியப்பாவே தட்டை வழித்துவிட்டு, "தேரிக்காட்டுப் பிள்ள கையில எப்படி வந்துச்சு இந்தக் கைப்பக்குவம்!" என்பார்.

ஆவணி மாசம் ஒரு சனிக்கிழமை, தேரியிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். கையில் ஓலைக் கொட்டான். அதில் முருங்கைக்கீரை. கீரைக்கு அடியில் கையை விட்டு ஒரு பொருளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்னச் சூரியன். ரவை உருண்டை அளவுதான் இருந்தது.

"வேலி பிரிக்கும்போது கெடந்துச்சு. பொறந்து ஒரு வருசம் இருக்காது" என்றார் மாமா.

"என்ன திங்கும் மாமா?"

"அத நான் என்னத்தக் கண்டேன்? நானும் அதும் ஒரே பந்தியிலயா உக்காந்தோம்?"

அண்ணன் எட்டிப் பார்த்தான். அவனுக்குப் பதினான்கு வயது. "ஏளா, நல்லா வளத்து விடு. கிறிஸ்மஸுக்குக் கொழம்பு வச்சிருவோம்." ஞாயிற்றுக்கிழமைகளில் கடலாமைக் கறி வாங்கிய ஊர் அது, உங்களுக்கும் தெரியும். ஆமை என்றால் எங்களுக்குக் கடல். கடல் என்றால் குழம்பு. நட்சத்திரம் போட்ட ஆமை ஒன்று மண்ணில் நடந்து திரியும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது அதை வீட்டில் வைத்திருந்தால் கம்பி எண்ண வேண்டும். அப்போது யாரும் கேட்கவில்லை.

பெரியப்பா ஆமையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். வயிற்றை முகர்ந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"வழி தப்பி வந்துட்டு. பாவம், தொண்ட காஞ்சு கெடக்கு."

"இது தரையாமை, பெரியத்தான்" என்றாள் அம்மா.

"ஆமா ஆமா, தரையில ஏறிட்டு" என்றார் பெரியப்பா. காது கேட்காதவர்களோடு இதுதான் தொல்லை. பாதி கேட்டுவிடும்.

மறுநாள் வாளியில் கடல் தண்ணீர் வந்தது. தினம் காலையில் ஆமை உப்புத் தண்ணீரில் முங்க வேண்டும் என்று உத்தரவு. ஆமை முங்காது, கழுத்தை நீட்டி, நாலு காலையும் தவித்தபடி அடித்துக்கொள்ளும். "நீந்துது பாத்தியா" என்பார். சங்கு குளிக்கப் போன இடத்திலிருந்து கடல் புல்லைப் பறித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். எத்தனை ஆள் ஆழத்தில் மூச்சடக்கிப் பறித்ததோ! கடலாமை அதைத்தான் மேயும், பார்த்திருக்கிறேன் என்பார். ஈரம் சொட்டும் அந்தப் பச்சை நாடாவை ஆமை முன்னால் வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார். ஆமை அவரைப் பார்க்கும். அவர் ஆமையைப் பார்ப்பார். அரை மணி நேரம் அப்படியே போகும். எனக்கு இன்றைக்கும் அந்தக் காட்சி கனவில் வருகிறது. கனவில் ஆமைதான் பெரிதாக இருக்கிறது.

அது எதைத் தின்றது தெரியுமா? நான் கொடுத்ததை. எனக்கு ஒரு வாரத்திலேயே பிடிபட்டுவிட்டது, சிவப்பைக் கண்டால் ஓடி வருகிறது. ஆமை ஓடுமா என்று கேட்காதீர்கள். தக்காளித் துண்டைக் கண்டால் ஓடும். அம்மா தலையிலிருந்து விழுந்த கனகாம்பரத்தைத் தேடி வந்து தின்றது. வாழைப்பழம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு தின்னும், உதடெல்லாம் பிசுபிசுக்கும். அப்பா பேக்கரியிலிருந்து பன் வாங்கி வந்து பாலில் ஊறவைத்துக் கொடுத்தார். "பச்சப் புள்ளைக்கு வேற என்ன குடுப்பாங்க?" என்றார். அண்ணன் யாருக்கும் தெரியாமல் முந்திரி மக்ரூனைப் பொடித்து வைத்தான். குழம்பு வைப்பேன் என்றவன்! ஆமை மக்ரூனையும் தின்றது. நோட்டில் நான் எழுதினேன்: வாழைப்பழம் 4 முறை, தக்காளி 3, பன் 2. மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும்.

அம்மா ஒரே ஒரு தடவை முருங்கைக்கீரை போட்டாள். பெரியப்பா பார்த்துவிட்டார்.

"கீரையா? அது என்ன ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்கு?"

எங்கள் வீட்டில் கீரை என்பது காய்ச்சல்காரருக்குப் போடுவது. அம்மா கீரையை அள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அப்புறம் போடவில்லை. அதை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

காக்கைக்கும் பருந்துக்கும் பயந்து ஆமையை வெயிலில் விடுவதில்லை. தேயிலை வந்த பலகைப் பெட்டிக்குள், பின்கட்டு அறையில், இருட்டில் இருக்கும். சாயங்காலம் அறைக்குள்ளேயே திறந்துவிடுவோம். திறந்ததும் அது நேராகச் சுவருக்குப் போகும். சுவர் ஓரமாகவே நடந்து, ஓரிடத்தில் நின்று, தலையைச் சாய்த்து, சுண்ணாம்பைச் சுரண்டும். கறக். கறக். தலையை இழுத்துக்கொள்ளும். மறுபடி, கறக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நான் தரையில் குப்புறப் படுத்திருப்பேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் நோட்டுத் திருத்துவாள். அவள் வாயிலும் ஒரு சத்தம் இருக்கும். சிலேட்டுக் குச்சி. உடைத்து உடைத்து வாயில் போட்டு மென்றுகொண்டே திருத்துவாள். ஒரு நாளைக்கு நாலு குச்சி, ஐந்து குச்சி. "டீச்சர் ஆயும் சின்னப்பிள்ள பழக்கம் போவல" என்று அப்பா சிரிப்பார். நாங்களும் சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள், பல் ஓரத்தில் சாம்பல் நிறத்தோடு. ஒரு பக்கம் ஆமை, ஒரு பக்கம் அம்மா. அந்தச் சாயங்காலங்களில் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஒரு நாள் அப்பா சுவரைப் பார்த்தார். மூன்று விரல் உயரத்தில் நீளமாக ஒரு கோடு, சுண்ணாம்பு போய் உள்ளே கல் தெரிந்தது.

"சவத்து மூதி, வீட்டையே தின்னுரும் போலிருக்கே!"

சுவரைச் சுற்றிப் பலகை அடித்துவிட்டார். ஆமை பலகை ஓரமாக நடந்து பார்த்தது. முட்டிப் பார்த்தது. நாலைந்து நாள் முட்டியது. அப்புறம் விட்டுவிட்டது. "பாத்தியா, பழகிட்டு" என்றார் அப்பா.

ஐப்பசி மழை தொடங்கியபோது ஆமை நடப்பதைக் குறைத்துக்கொண்டது. முதலில் வயிற்றைத் தூக்கி நடக்கும். இப்போது இழுத்துக்கொண்டு போனது. கார்த்திகையில் ஒரு நாள் அதைத் தூக்கும்போது என் கட்டைவிரல் ஓட்டில் அமுங்கியது. கையை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினேன். பழைய ரப்பர் பந்தை அமுக்குவது மாதிரி, உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. அம்மாவிடம் ஓடினேன். அவள் அமுக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார் அப்பா. டாக்டர் நல்ல மனிதர், திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் மாட்டுக்கும் ஆட்டுக்கும் படிச்சேன், அண்ணாச்சி. இது எங்க பாடத்துலயே இல்ல" என்று கையை விரித்தார்.

அன்று சோற்றுக்கு உட்கார்ந்தபோது பெரியப்பா சொன்னார், "நாம செஞ்ச பாவம். கடல் ஜாதிய வீட்ல பூட்டி வச்சா ஓடு இத்துத்தான் போவும். ஞாயித்துக்கெழம நான் கொண்டு போயி தீவுக்கு அங்கன ஆழத்துல விட்டுருதேன். பொழச்சுக்கிடும்."

அவர் கண் கலங்கியிருந்தது. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். மனசாரச் சொன்னார். அந்த ரவை உருண்டை கல் மாதிரி நேராக அடிக்குப் போய்விடும் என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் கடலுக்குள் கண்ணைத் திறந்து பார்த்த மனுஷன்.

அப்பா தலையை ஆட்டினார். "சரிண்ணே. சாவுதத பாத்துக்கிட்டு இருக்கதுக்கு அது மேல்."

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குள் அம்மா பேசினாள். பரிமாறிக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல், ஆனால் பெரியப்பாவுக்குக் கேட்கிற அளவு உரக்க.

"நான் ஊருக்குக் கொண்டு போறேன்."

குசினிக்குள் பூனை தாண்டியது கேட்டது.

"அரைப் பரீட்சை லீவு வருது. நானும் பிள்ளையும் போறோம். எங்க எடுத்தாங்களோ அங்கன வச்சுப் பாக்கேன்."

"எத்தன நாளைக்கு?" என்றார் அப்பா.

"பத்து நாள்."

அவள் அம்மா வீட்டுக்குப் போனால் ஒரு ராத்திரி தங்குவாள். அதற்கு மேல் தங்கியதாக எனக்கு நினைவில்லை. அப்பா அவளையே பார்த்தார். "சரி. ரெண்டாவது ஞாயித்துக்கெழம நான் வாரேன். அதுக்குள்ள திடமா நடந்துச்சுன்னா வீட்ல வச்சுக்கிடலாம். இல்லன்னா அண்ணன் சொல்லுத மாதிரி கடல்ல விட்ருவோம். பெறவு அழப்பிடாது." கடைசி வார்த்தை எனக்கு.

திருச்செந்தூர் போய், அங்கிருந்து சாத்தான்குளம் பஸ். மடியில் ஓலைக் கொட்டான். உடன்குடி தாண்டியதும் காற்றில் உப்பு குறைந்துபோனது எனக்கு நன்றாகத் தெரிந்தது. யாரோ முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி. அப்புறம் தேரி. மழை குடித்த தேரியைப் பார்த்திருக்கிறீர்களா? வெயில் காலத்தில் செக்கச்செவேலென்று பறக்கிற மணல், மார்கழியில் படிந்து, இருண்டு, பழைய ரத்தினக் கம்பளம் மாதிரி கிடக்கும். அதன் ஓரமெல்லாம் பச்சை. முழங்கால் அளவு, கணுக்கால் அளவு, விரல் அளவு, விதம்விதமான பச்சை.

மாமா ஆமையை அமுக்கிப் பார்த்தார். "என்னளா, பதினஞ்சு வருசம் குடுத்தனம் பண்ணின நீயே எலும்பும் தோலுமா வந்திருக்க. நாலு மாசத்துல இது எளச்சதுக்கு என்ன கேள்வி?" என்று அம்மாவைக் கிண்டல் செய்தார்.

"வாய மூடு அண்ணே" என்றாள் அம்மா. ஆனால் சிரித்தாள்.

முதல் இரண்டு நாள் ஆமை அசையவே இல்லை. வேலி ஓரம் நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் வைத்தேன். வைத்த இடத்தில் கிடந்தது. காலை வெயில் அதன் மேல் ஊர்ந்துபோனது. நான் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். காக்கை வந்தால் துரத்தினேன். தக்காளியை முன்னால் வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. "கண்ணத் தெறக்கலியே அம்மா" என்று அழுதேன். நோட்டில் எழுத ஒன்றும் இல்லாமல் தேதியை மட்டும் எழுதினேன்.

மூன்றாம் நாள் காலையில், பனி காய்ந்து கொண்டிருந்தபோது, அது காலை வெளியே நீட்டியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. அருகம்புல் நுனியை ஒரு கடி. அவ்வளவுதான், விட்டுவிட்டு நகர்ந்தது. எனக்கு ஏமாற்றம். பிடிக்கவில்லையோ? நெருஞ்சியிடம் போய் அந்த மஞ்சள் பூவை மட்டும் தின்றது. அப்புறம் சாரணை இலை இரண்டு. பிறகு துத்தி, பாதி இலை. அதையும் விட்டது. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. பிடிக்காமல் விடவில்லை. அது சாப்பிடுவதே அப்படித்தான். ஒரு வாய் இங்கே, ஒரு வாய் அங்கே, நடந்துகொண்டே. எதையும் முடிக்காது. எதையும் ஒதுக்காது.

"அம்மா! வா! திங்குது!"

அம்மா ஈரக் கையோடு ஓடி வந்தாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஆமைக்குப் பின்னால் நடந்தோம். முழங்கால் போட்டு, தவழ்ந்து, முள் குத்தி. செடிக்கெல்லாம் எனக்குப் பெயர் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்தது. அது என்னை அப்படி ஆச்சரியப்படுத்தியது! எங்கள் வீட்டில் அவளுக்கு எந்த மீனின் பெயரும் ஒரே தடவையில் சரியாக வராது, பெரியப்பா திருத்துவார். இங்கே நான் விரலை நீட்டுவதற்குள் சொன்னாள். மூக்கிரட்டை. பண்ணைக்கீரை. குப்பைக்கீரை. விஷ்ணுகிராந்தி. அது கோவை, பழுத்தா செவப்பா இருக்கும் பாரு.

சொல்லிக்கொண்டே பறித்துப் பறித்துத் தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். நாலாம் நாள் கள்ளிப்பழம் ஒன்றை மண்ணில் உருட்டி முள் போக்கி, பிட்டு, பாதியை ஆமை முன்னால் வைத்தாள். பாதியைத் தின்றாள். ஆமை வாயும் சிவப்பு, அவள் வாயும் சிவப்பு. பாவாடை கட்டிய பிள்ளை மாதிரி மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இவள் யார்?

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, பனை நிழலில், செத்துக் காய்ந்துபோன நத்தையின் ஓடு ஒன்று வெள்ளையாகக் கிடந்தது. ஆமை அதனிடம் போய்த் தலையைச் சாய்த்தது.

கறக்.

நான் சடாரென்று எழுந்து உட்கார்ந்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தாள். இருவருக்கும் ஒரே சமயத்தில் அந்தச் சத்தம் தெரிந்துவிட்டது.

"அம்மா, அது சுவத்துல..."

"ஆமா" என்றாள் அம்மா. "ஓடு வளரணும்னா அதுக்கு ஓடு வேணும்லா" என்றாள். வகுப்பில் பேசுகிற குரல் இல்லை அது.

ஊரே சிப்பியால் கட்டிய ஊர், யோசித்துப் பாருங்கள். சங்கும் சிப்பியும் சுண்ணாம்பும் மலை மலையாகக் குவிந்து கிடக்கிற ஊர். அதற்குள் ஒரு ரவை உருண்டைக்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு இல்லை. அது தானாகவே தேடிக் கண்டுபிடித்தது. நாங்கள் பலகை அடித்தோம். கொளுத்துகிற வெயில் ஊர். நாங்கள் இருட்டில் வைத்தோம். பழம் இனிப்பு என்று ஊட்டினோம்.

அந்தப் பத்து நாளில் அம்மா ஒரு சிலேட்டுக் குச்சியைக்கூடக் கடிக்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிற பிள்ளை, அதை எழுதவில்லை. எனக்குக் குழந்தைகள் பிறந்து, ரத்தம் இல்லை சுண்ணாம்புச் சத்து இல்லை என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த அன்றுதான் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து எனக்கு அது ஞாபகம் வந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். வெள்ளை வேட்டியெல்லாம் செம்மண். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்.

"எங்க அது?"

தூக்கிக் கொடுத்தேன். அவர் அமுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னும் அமுங்குதே பிள்ள."

உண்மைதான். பத்து நாளில் ஓடு இறுகிவிடுமா? "கீழ விடுங்க அப்பா. நடக்கும்" என்றேன். கீழே விட்டார். ஆமை சற்று நேரம் யோசித்தது. பிறகு நாலு காலிலும் எழுந்து நின்றது. வயிறு தரையில் படவில்லை. அப்பாவின் பெருவிரலைத் தாண்டி, செருப்பைச் சுற்றிக்கொண்டு, சாரணைக் கொடியைப் பார்த்துப் போனது.

"இப்ப நோட்ட வாசிக்கவா?" என்றேன்.

வாசித்தேன். வேகமாக, மூச்சு விடாமல், எங்கே நிறுத்தினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில். அருகம்புல் நுனி. நெருஞ்சிப் பூ. சாரணை, இலையும் தண்டும். துத்தி. மூக்கிரட்டை. கோவை இலை, கோவைப் பழம் ஒன்று. ஆவாரம்பூ, உதிர்ந்தது மட்டும். கள்ளிப்பழம், இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான். காய்ந்த புல். நத்தை ஓடு. காலை வெயில், மாமா காப்பி குடித்து முடிகிற வரைக்கும். எல்லாம் சேர்த்து இருபத்தொன்று. தக்காளி இல்லை. பன் இல்லை.

அப்பா நோட்டை வாங்கி, தானும் ஒரு தடவை விரலை வைத்துப் படித்தார். "இத்தனையா?" என்றார். பிறகு, "நாம மூணே மூணு சாமானத்தப் போட்டுட்டு, திங்குதே திங்குதேன்னு சந்தோசப்பட்டோம்" என்றார்.

ஆமை எங்களோடு திரும்பி வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். ஒரு கோணிப்பை நிறைய வேரோடு செடியும் வந்தது. மண்ணெண்ணெய் டின்களில் முற்றமெங்கும் நட்டோம். உப்புக் காற்றில் பாதி கருகியது, பாதி பிடித்துக்கொண்டது. பலகையை அப்பாவே கழற்றினார். மறுவருஷம் ஆடிக் காற்று அடிக்கும்போதுதான் என் கட்டைவிரல் அமுங்காமல் நின்றது. அன்று பெரியப்பாவும் அமுக்கிப் பார்த்துவிட்டு, கடலையே திரும்பிப் பார்க்காத ஆமையை முதல்முறை காண்கிறேன் என்று வருத்தத்தோடு சொன்னார்.

ஆனால் எனக்கு அந்தக் காலத்திலிருந்து மிஞ்சியது ஓடு இறுகிய நாள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம்தான். வெயில் தாழ்ந்து, தேரி முழுக்க ஒரு தணல் நிறம். மாமா மாட்டை அவிழ்க்கப் போய்விட்டார். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கொட்டானும் கோணிப்பையும் வாசலில் தயாராக இருந்தன. அப்பா நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். எழுந்திருக்கவில்லை. பனைமரத்தடியில் நின்றுகொண்டிருந்த அம்மாவை, ஏதோ இப்போதுதான் பார்க்கிற மாதிரி பார்த்தார். பத்து நாளில் அவள் கன்னத்தில் கொஞ்சம் நிறம் ஏறியிருந்தது.

"ஏளா" என்றார். "நீ என்ன சாப்பிட்ட, இங்கன?"

அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை. "நானா?"

"ஆமா. பத்து நாளும்."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு, அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். முதல் நாள் கம்பங்கூழ் என்று மெதுவாக ஆரம்பித்தாள். மோர்மிளகாய். மறுநாள் பண்ணைக்கீரை கடைந்தது, ரெண்டு வேளையும். பனங்கிழங்கு சுட்டது. அப்புறம் குரல் வேகம் எடுத்தது. கேழ்வரகுக் களி, அகத்திக்கீரை, மொச்சை அவித்தது, பச்சையாகவே ஒரு கை கடலை... விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள், விரல் போதாமல் மறுபடி முதலிலிருந்து மடக்கினாள்.

ரோட்டில் கடைசி பஸ் ஆரன் அடித்தது. நான் கொட்டானைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றேன். அப்பா என்னை உட்கார் என்று கையால் காட்டினார். அம்மா இன்னும் நாலாம் நாளுக்குக்கூட வரவில்லை.